அரைக்கைச் சட்டை கான்ஸ்டபிள்

மாட்சிமை பொருந்திய சார்ஜென்ட் ப்ரெண்டா காஸ்வெல் அம்மையார் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வில்லோ பென்ட் ஊரில் கோதுமை விதைக்கும் ஓரெஸ்ட் ஹவ்ரிலுக் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி லெஸ்யாவும் நலம், என் முழங்காலைத் தவிர. அங்கு தாங்களும் தங்கள் சிப்பந்திகளும் ரோந்து வண்டிகளின் பேட்டரிகளும் இந்தக் குளிரில் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், தங்களிடம் வேலை பார்க்கும் கான்ஸ்டபிள் மார்க்கோ என் ஒரே மகன். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுகிறவர்களைப் பிடிக்கத் தாங்கள் அவனைப் போட்டிருப்பது எனக்குப் பெருமைதான். நாலு பேர் பயப்படட்டும் என்று ஊர் எல்லையில் அவனுடைய ஆளுயர கட்அவுட் ஒன்றை, 'போனைக் கீழே வை' என்ற பலகையோடு, செவ்வாய்க்கிழமை காலையில் நட்டீர்களே, அதுவும் சரி. ஆனால் அம்மா, ஜூலையில் எடுத்த படத்தை ஜனவரியில் நடலாமா?

அன்றைக்கு மைனஸ் முப்பது டிகிரி. பலகையைப் பனி மூடிவிட்டது. கட்அவுட் வைத்த சேதி எனக்கு யாரும் சொல்லவில்லை. உறைபனி மூடிய ட்ரக் கண்ணாடியில் நான் சுரண்டி வைத்திருந்த உள்ளங்கை அகல ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், பெற்ற பிள்ளை அரைக்கைச் சட்டையோடு, குல்லாய்கூட இல்லாமல், சாலையோரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். சின்ன வயதில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காதுவலியில் அழுத பிள்ளை அம்மா அவன். உடனே போனை எடுத்துக் கூப்பிட்டேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்.

"டேய் மார்க்கோ, கோட்டு எங்கடா?"

"போட்டிருக்கேன்பா."

"பொய் சொல்லாத. நீ அரைக்கைச் சட்டையோட நிக்கறத என் ரெண்டு கண்ணால பாத்துட்டிருக்கேன். இதுல பல்லை வேற காட்டிட்டு நிக்கற."

அவன் கேட்டான், "அப்பா, எங்கேருந்து பேசறீங்க?"

"ட்ரக்குலேருந்துதான்."

"யாரு ஓட்டறா?"

"நான்தான். உங்கம்மாவுக்கு கிளட்ச் எட்டாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சரிப்பா. அப்படியே ஓரமா நிறுத்துங்க."

பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை, கோட்டு வாங்கிக்கொள்ளத்தான் நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து, என் கோட்டையும் குல்லாயையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பனியனும் சட்டையுமாக வெடவெடத்தபடி காத்திருந்தேன். அப்போது பார்த்து உரக் கிடங்குக்குப் பின்னாலிருந்து இன்னொரு மார்க்கோ வருகிறான். கனத்த கோட்டு, காதுவரை ரோமக் குல்லாய். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது, உடனே டாக்டரிடம் போக வேண்டியதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். அவன் குனிந்து, "லைசென்ஸ் குடுங்க சார்" என்றான். சார்! அவனுக்கு டயப்பர் மாத்திவிட்டவன் நான்! பேர் என்னன்னு வேற கேட்டான். உன் நெஞ்சுல பேர்ப் பட்டை குத்தியிருக்கே, அதுல நம்ம குடும்பப் பேர் பாதிய படிச்சு எழுதிக்கோடா என்றேன். எழுதிக்கொண்டான். அபராதச் சீட்டைக் கிழித்து, நான் நீட்டின கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் பக்கத்துப் பண்ணைக்காரன் பில் ஃப்ரீசன் பின்னால் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். அவன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு மார்க்கோகிட்ட சொல்லிட்டேன். போன ஞாயித்துக்கிழமை அவன் வரல. லெஸ்யா அவனுக்குன்னு பெரோகி, அதான் எங்க ஊர் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, பிடிச்சு வச்சிட்டு, மேஜையில அவன் தட்டையும் எடுக்காம உக்காந்திருந்தா. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி அந்தச் சீட்டை ரத்து செய்துவிட்டால், என் மானமும் தப்பும், நானும் கௌரவமாக அவனைச் சாப்பிடக் கூப்பிடுவேன்.

தங்கள் பதவி உயர, தங்கள் வீட்டுக் குழாய்கள் உறையாதிருக்க மனமார வாழ்த்தும்,
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கக் கடைவீதிக்குப் போனேன். காபிக் கடை வாசலில் பில் ஃப்ரீசன் தன் போனை ட்ரக்கின் பின்பக்கம், கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். தூக்கத்தில்கூட போனைக் கீழே வைக்காதவன். என்னப்பா என்றேன். "பெத்த அப்பனையே விடல. கான்ஸ்டபிள் நம்மள விடுவாராண்ணே?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை அம்மா, பயந்துபோய்ச் சொன்னான். இத்தனை வருஷமாக இந்த ஊருக்கு என் பிள்ளை, பனிக்காலத்தில் இரும்புக் கோல் கம்பத்தை நக்கி, நாக்கு உறைந்து ஒட்டிக்கொண்ட பயல்தான். முதல் தடவையாக அவனை கான்ஸ்டபிள் என்று சொல்லக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். ரத்து கித்து செய்துவிடாதீர்கள். அபராதம் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியும் விட்டேன், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன்.

திரும்பும் வழியில் இறங்கி, அந்தக் கட்அவுட்டுக்கு என் குல்லாயைப் போட்டுவிட்டேன். அட்டை என்று தெரியும். காற்று அப்படி அடித்தது, மனசு கேட்கவில்லை. இதற்கும் ஏதாவது சட்டம் இருந்தால், சீட்டு எழுத அவனையே அனுப்புங்கள்.