மூன்று கோட்டு மாப்பிள்ளை

மனிதகுலம் நெருப்பைக் கண்டதும் சக்கரத்தைக் கண்டதும் சில்லறைச் சாதனைகள். ராஜாக்கள் கொடியில் புலி, மீன் என்று வரைந்து தொடங்கிய அரும்பெரும் கலை, பட்டாளச் சட்டைக் கையில் மூன்று வெள்ளைக் கோடாகக் கனிந்தபோதுதான் நாகரிகம் முழுமை பெற்றது. 1943-இல் நசரத்பேட்டையில் அந்த முழுமையை நான் நேரில் தரிசித்தேன்.

அப்போது ஆவடி பட்டாள முகாமில் எனக்கு வெங்காயம் உரிக்கும் ‘பதவி’. பெண் கேட்டுப் போனேன். தாட்சாயிணிக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும் அவளை. அவள் அப்பா பரந்தாமன் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைக் கையைத்தான் பார்த்தார்.

“கோடு கீதா?”

வேலப்பன்சாவடியில் அவர் தம்பி பிடித்த மாப்பிள்ளைக்கு இரண்டு கோடாம். தமக்கு மூன்றுக்குக் குறைந்தால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

வெளுக்க வந்த துணியை ஒரு நாள் கல்யாணத்துக்கு உடுத்தக் கொடுப்பது அந்நாளில் சலவைக்காரர்கள் செய்துவந்த உபகாரம். முகாமின் சலவைக்காரர் திருவேங்கடம், மூன்று கோட்டு அதிகாரியான அவல்தார் ஜெயராமனின் சட்டையைக் கஞ்சி மொடமொடக்க எனக்குத் தந்தார்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன், பனியனோடு சைக்கிளில் வந்து இறங்கினார் அவல்தார். சட்டையைத் தேடித்தான் வந்தார். ஆனால் என் சட்டைக் கையில் மூன்று கோடுகளைக் கண்டதும் விறைப்பாக நின்று சலாம் அடித்துவிட்டார். சட்டை போனதிலிருந்து, தாம் அவல்தார்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. பயத்தில் வேறொன்றும் தோன்றாமல், தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். நாலு குடம். ஐந்தாவதை இறக்கும்போதுதான் கோட்டின் ஓரத்தில் தாமே போட்ட கறுப்பு நூல் தையலைப் பார்த்தார்.

“கழட்டுடா.”

கழற்றினேன். மாட்டிக்கொண்டார். பரந்தாமன் ஒரு கணமும் தடுமாறவில்லை. அவரைக் கைபிடித்து மணையில் உட்காரவைத்து, “மாப்ளே, நேரம் ஆவுது” என்றவர், என் பக்கம் திரும்பி, “இன்னா நின்னுகினு கீறே? போய் எல போடு” என்றார்.

“யோவ், எனக்குக் கண்ணாலம் ஆயி ரெண்டு புள்ள கீது” என்றார் அவல்தார்.

“உனக்கு ஆச்சிப்பா. சட்டைக்கு ஆவலியே.”

மணையிலிருந்த தாட்சாயிணி நிமிர்ந்தாள். “நைனா, அதுக்கு நான் சோறாக்கணுமா, கஞ்சி போட்டா போதுமா?”

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காக அவள் கண்டிக்கப்பட்டாள்.

அவல்தார் மிரண்டு, சட்டையை உதறிவிட்டு, பனியனோடே சைக்கிளில் ஓடிப்போனார். நான் பாய்ந்து அதை எடுத்து மாட்டப் போனேன். “மாப்ளைய தொடாதே” என்று தடுத்தார் பரந்தாமன்.

சட்டை மணையில் அமர்ந்தது. ஐயர் மாப்பிள்ளையின் கோத்திரம் கேட்டார். பரந்தாமன் காலரைப் புரட்டி, அங்கே சலவைக்காரர் மையால் போட்டிருந்த வெளுப்புக் குறியைப் படித்துச் சொன்னார். ஊரே எழுந்து நின்று அட்சதை போட்டது.

ஒரு சலாம் வைத்துவிட்டு, நானும் போட்டேன்.