மகனுக்கு ஐஸ் முள் மாட்டும் முறை

கதிரவெளி,
12.08.2005

சுவிஸ் மலை ஹோட்டலில் கோப்பை கழுவும் அன்பு மகன் சிவதர்ஷனுக்கு,

அப்பா எழுதுவது. கடல் விட்டுவைத்ததில் நான், உன் அம்மா, பழைய தோணி மூவரும் சுகம். உன் சுகத்தில்தான் எங்களுக்குச் சந்தேகம்.

வேலைக்குப் போக ஐஸ்மலையைக் கடக்கிறாயாம், சப்பாத்துக்குக் கீழே இரும்பு முள் மாட்டுகிறாயாம், அது அடிக்கடி கழன்று விழுகிறதாம். இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சோறு தின்னவில்லை. நான் தின்கிறேன், ருசியில்லை.

நல்லகாலம், சுனாமி நிவாரணப் பெட்டியில் எங்களுக்கும் அதே சாமான் சப்பாத்தோடு வந்திருந்தது. கதிரவெளி வெயிலுக்கு அதை அனுப்பிய புண்ணியவான் யாரோ! ஆறு மாதமாக அம்மா அந்த முள்ளில் கருவாடு காயப்போட்டாள். அதை இறக்கிவிட்டு, காலில் மாட்டி, மீன் எடுக்க வரும் கச்சி முகம்மதுவின் லொறியில் ஏறி ஐஸ்கட்டியில் நின்றேன், இங்கே வேறு ஐஸ் ஏது, ஆனால் நீளம் பார்க்காமல் மாட்டியதில் முள் ஐஸில் நின்றது, நான் இறால் கூடைக்குள் இருந்தேன்.

“என்ன இளையதம்பி அண்ணன், மீன் விக்க வந்தீங்களா, ஐஸ் உழ வந்தீங்களா?” என்று முகம்மது சிரித்தார்.

“மகன் சுவிஸில வழுக்கி விழுந்திருவான், கொஞ்சம் பொறுங்க” என்றேன். மனிசன் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு கட்டியையும் தள்ளித் தந்தார்.

அதிலும் ஏறி நின்ற மறுகா எல்லாம் பிடிபட்டுது. கவனமாகக் கேள். நடுக்கம்பியின் திருகாணியைத் தளர்த்திச் சப்பாத்து அளவுக்கு இழுத்து முறுக்கு. பட்டி கட்டாமலே காலைத் தூக்கி உதறு, விழாவிட்டால் அளவு சரி. பிறகு பட்டியை இறுக்கு, கொளுக்கி வெளிப்பக்கம் இருக்கட்டும், தொங்கும் நுனியைச் செருகு, பத்தடி நடந்து திரும்பவும் இறுக்கு. காலை அகட்டி நட. நான் அகட்டாமல் நடந்து உடுத்திருந்த சாரம் கிழிந்த கதையை எழுத வேண்டாமாம் அம்மா.

கடலில் போனவர்களைத் தேடியே எங்கள் கண் களைத்துவிட்டது. நீ ஐஸில் போகக்கூடாது. பயமாயிருக்கு மனே. அடுத்த மாதம் சுவிசுக்குத் திரும்பும் உதயரூபனிடம் இந்தச் சோடியைக் கொடுத்துவிடுகிறேன், இதையே மாட்டு.

மண்டூர் முருகன் உன் இரண்டு காலுக்கும் துணை நிற்கட்டும்.

விழுந்தெழும்பிப் படித்த அப்பா,
இளையதம்பி

பி.கு.: மேலே உள்ளது மாட்டும் முறை மட்டும். கழற்றும் முறை எனக்குத் தெரியவில்லை. கொளுக்கி இறுகி, இரண்டு நாளாக முள் காலோடுதான், பாய் சல்லடையாகிவிட்டது. சப்பாத்தை அவிழ்க்கலாமென்றால் கயிற்றுக்கு மேலேயே பட்டி ஓடுகிறது. கண்டதும் கெதியாக எழுது. அம்மா கத்தியோடு நிற்கிறாள், நான் விடவில்லை. பட்டியை வெட்டினால் உன் காலில் எதைக் கட்டுவது?