வாலை இரண்டு முறை ஆட்டும் பறவை

மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு பறவையையாவது மூக்கும் முழியுமாகப் படம் பிடித்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் செய்த அன்று, அவருடைய கேமராவில் நானூற்றுப் பதினேழு படங்கள் இருந்தன. அவற்றில் அறுபதில் பறவை இருந்தது. மீதியில், பறவை சற்று முன்பு வரை உட்கார்ந்திருந்த கிளை இருந்தது.

அந்த அறுபதும் லேசுப்பட்டவை அல்ல. முப்பது பறவைகள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. இருபது, மாவில் விழுந்து எழுந்த மாதிரி மங்கலாக இருந்தன. மீதிப் பத்தில் எது தலை, எது வால் என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசே கொடுக்கலாம்.

இத்தனைக்கும் மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருபத்தாறு வருடமாக ஊரார் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர். தாலுகா ஆபீஸ் எழுத்தர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் அவர் தயவில் பொடி எழுத்தைப் படித்துவிடுகிறார்கள். அவர் எடுக்கும் குருவிக்குத்தான் இன்னும் கண் தெரிந்தபாடில்லை.

கேமரா, மகள் அனுப்பியது. வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய் எட்டு மாதமாகிறது. "நான் இருக்கறது பதினோராவது மாடிப்பா. ஜன்னல்ல ஒரு குருவிகூட வர்றதில்ல. நீங்க ஒரு பறவையைப் படம் எடுத்து அனுப்புங்க, கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக்கிறேன். என் பிறந்த நாளுக்குள்ள வந்துடணும்" என்று போனில் சொல்லியிருந்தாள். பிறந்த நாள் மாதக் கடைசியில். இதுவரை பெற்ற பெண் கேட்டு அவர் இல்லையென்று சொன்னது கிடையாது. பக்கத்தில் இருந்தபோது அவள் எதுவும் கேட்டதும் கிடையாது.

ஆகவே தினமும் விடிவதற்கு முன் எழுந்து, குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி அந்தப் பெரிய லென்ஸைச் சுமந்துகொண்டு ஏரிக்குப் போவார். எட்டரைக்கு நேராகக் கடைக்குப் போய்விடுவார்.

"இன்னிக்கும் ஏரிக்கா?" என்பாள் மனைவி.

"ஆமாம்மா. புதுசா ஒரு நாரை வந்திருக்காம்."

"அந்த நாரைக்கு ஒதுக்கற நேரத்துல பாதி வீட்டுக்கு ஒதுக்கலாம்."

"அது நாளைக்கே போயிடும். நீ இங்கதானே இருக்கப் போற?"

"இங்கதான் இருக்கேன். யார் பார்த்தா?"

இந்தக் கேள்விக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். சமையலறை ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின். அதற்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று. காலை காபியைக் குடித்துக்கொண்டே பழைய துணிகளில் தையல் பிரித்துக் கொடுப்பது மகளுடைய வேலை. வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். இப்போது நாற்காலி காலி. அம்மாக்காரிக்கு இன்றைக்கும் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிற பழக்கம் போகவில்லை. கண்ணாடிக்காரரும் அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்கத்தான் ஏரிக்கு ஓடினார். இது அவருக்கே தெரியாது. நமக்குத் தெரிந்தால் போதும்.

மாதம் பிறந்ததும் கண்ணாடிக்காரர் போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் போய்ச் சரணடைந்தார். அவர் நானூற்றுப் பதினேழு படங்களையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, யோசனை சொன்னார். அன்றிரவு சாப்பிடும்போது கண்ணாடிக்காரர் அதைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மனைவியிடம் ஒப்பித்தார்.

"ஷட்டர் வேகத்தைக் கூட்டணுமாம். ஃபோகஸ் கண்ணுல இருக்கணுமாம். வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணுமாம். அது உட்கார்ற உயரத்துக்கு நாம இறங்கணுமாம்."

"அவ்வளவுதானா?"

"கடைசியா ஏதோ சொன்னார். பறவைகிட்ட நாம ஓடக்கூடாதாம். ஒரே இடத்துல தினமும் அசையாம உட்காரணுமாம். அதுக்கு நம்மளைப் பழகிட்டா அதுவே பக்கத்துல வருமாம். அதெல்லாம் ஆகற காரியமா?"

மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். கேட்காமல் அவள் வைத்தால் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை லென்ஸைத் தோளில் மாட்டும்போது அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்.

"நேத்து துணி காயப்போடற கம்பியில ஒரு பறவை வந்துச்சு."

"காக்காயா?"

"காக்காய் எனக்குத் தெரியாதா? உடம்பு கிளிப்பச்சை. வால் மட்டும் சிவப்பு. கழுத்துல சின்னதா ஒரு வெள்ளைப் பொட்டு. வந்து உட்கார்ந்ததும் வாலை ரெண்டு தடவை ஆட்டுச்சு. மூணாவது தடவை ஆட்டறதுக்குள்ள போயிடுச்சு."

கண்ணாடிக்காரர் தோளிலிருந்து பை தானாக இறங்கியது.

"அப்படி ஒரு பறவை புத்தகத்துலயே இல்லையே!"

"புத்தகத்துல இல்லாததுதானே உங்களுக்கு வேணும்?"

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஆறே முக்கால், ஏழு இருக்கும். ஆனா ரொம்பப் பயந்த சுபாவம். கேமராவைக் கண்டா ஓடிடும். முதல்ல ஒரு வாரம் வெறும் கையோட உட்காருங்க. உங்க மூஞ்சி அதுக்குப் பழகட்டும்."

"என் மூஞ்சிக்கு ஒரு வாரம் போதுமா?"

"எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. பறவைக்கு புத்தி அதிகம்."

கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். புருஷன் தலையில் வைக்க வெண்ணெய்கூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஆறரைக்குக் கண்ணாடிக்காரர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் மேற்கே பார்த்தது. முதுகுப் பக்கத்திலிருந்து வந்த வெயில் வீட்டோரச் சந்து வழியாகக் கம்பியின் மேல் பளிச்சென்று விழுந்தது. கம்பி சரியாக அவர் கண் உயரத்துக்கு இருந்தது. ஸ்டூடியோக்காரர் சொன்ன அத்தனையும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

பத்து நிமிடத்தில் கால் ஆட ஆரம்பித்தது.

"அசையாதீங்க."

"சும்மா உட்கார்ந்தா கால் ஆடத்தான் செய்யும்."

"கையில வேலை இருந்தா ஆடாது. இந்தாங்க, இந்த ஓரத்தைப் பிரிங்க. நூலை இழுத்து ஜன்னல் விளிம்புல போடுங்க, அப்புறம் பெருக்கிக்கறேன்."

இப்படியாக, இருபத்தாறு வருடக் கடைக்கு முதலாளி தன் வீட்டுத் தையல் மெஷினுக்கு வேலையாளாகச் சேர்ந்தார். குழந்தைகளின் சட்டைகள்தான் அதிகம். போன வருடத்துச் சட்டை இந்த வருடம் இறுக்குகிறது என்று ஓரத்தைப் பிரித்துவிடக் கொண்டுவருவார்கள். எவர் வீட்டுப் பிள்ளைகளோ வளர்ந்துகொண்டிருந்தன.

பறவை வரவில்லை. பேச்சு வந்தது.

"இதே மாதிரி சிவப்புச் சட்டை நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் ஓரம் பிரிச்சு பிரிச்சுப் போட்டா."

"இல்லையே."

"எப்படி இருக்கும்? அவ எழுந்துக்கறதுக்குள்ள கடைக்குப் போயிடுவீங்க. தூங்கினப்புறம் வருவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். முதல் பல் விழுந்தது, அதைத் தேடி வீடு முழுக்கப் பெருக்கியது, இருட்டுக்குப் பயந்து பள்ளி நாடகத்தில் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தது. தன் பெண்ணைப் பற்றிய செய்தியை அவர் ஊர்க்கதை மாதிரி புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏங்கிப்போனார் மனிதர். இத்தனை காலைகள் இந்த ஜன்னலருகே நடந்திருக்கின்றன, ஒன்றில்கூட அவர் இல்லை.

இரண்டாம் வாரம் கேமராவுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதன் மேல் துண்டு போட்டு மூடி, மேஜையில் வைக்க வேண்டும். மூன்றாம் வாரம் துண்டு எடுக்கப்பட்டது. பச்சை உடம்பும் இல்லை, சிவப்பு வாலும் இல்லை. சிட்டுக்குருவி ஒன்று மட்டும் தினமும் வந்து, அவர் பிரித்துப் போட்ட நூலைப் பொறுக்கிக்கொண்டு கூடு கட்டப் போயிற்று. அவரைக் கண்டு அது பயப்படவே இல்லை. நாற்காலியோடு சேர்ந்த சாமான் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.

பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருந்தது. கண்ணாடிக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இந்தத் தடவையும் மகளுக்கு ஒன்றும் செய்யாமல் போய்விடுவோமோ?

"அதான் ஒண்ணு தினமும் வருதே, அதை எடுங்களேன்" என்றாள் மனைவி.

"இது சாதாரணக் குருவி!"

"அவ ஜன்னல்ல அதுகூட இல்லையே."

அவர் மெதுவாகக் கேமராவை எடுத்தார். குருவி சிவப்பு நூல் ஒன்றை வாயில் கவ்வித் தலையைத் திருப்பி அவரையே பார்த்தது. கண்ணில் ஃபோகஸ் வைத்து அழுத்தினார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி இருந்தது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம். ஓரத்தில் மட்டும் எதுவோ மங்கலாக நின்றது. அது மெஷின் மேல் இருந்த மனைவியின் கை.

பிறந்த நாளன்று மகள் போனில் திரையை நிறைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சுவரில், அவர் போனில் அனுப்பி அவள் அங்கேயே அச்சடித்து மாட்டிய குருவி.

"அப்பா! ஓரத்துல அம்மா கை தெரியுதுப்பா. காலையில கண்ணு முழிச்சா நம்ம ஜன்னல் தெரியுது" என்றாள்.

"இது சாதாரணக் குருவிதான் கண்ணு. அம்மா பார்த்தது வந்திருந்தா அசந்துபோயிருப்ப. கிளிப்பச்சை உடம்பு…"

"சிவப்பு வாலா? கழுத்துல வெள்ளைப் பொட்டு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாலை ரெண்டு தடவை ஆட்டிட்டுப் பறந்துடுமே! அதைச் சொல்லித்தானே அம்மா எனக்குச் சாப்பாடு ஊட்டுவாங்க. 'அசையாம உட்காரு, வாயைத் திற, இப்ப வந்துடும்'னு."

"நீ அதைப் பார்த்திருக்கியா?"

"ஒரு தடவைகூடப் பார்த்ததில்லப்பா. ஆனா தட்டு காலியாயிடும்!"

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி அதே நேரம் பார்த்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முழுவதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பறவை போய்விடும். பறவை போனால் நாற்காலிக்கு என்ன காரணம் சொல்வது? ஆனாலும் ஆண்பிள்ளை, ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்க வேண்டாமா? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு, அவள் காபி டம்ளர்கள் இரண்டோடு வந்தாள். அவர் துள்ளி எழுந்தார்.

"வந்துடுச்சும்மா! இப்பத்தான்! பச்சை உடம்பு, சிவப்பு வால், வெள்ளைப் பொட்டு! ரெண்டு தடவை ஆட்டிட்டுப் போயிடுச்சு!"

இப்போது என்ன சொல்வாள்? வந்தது என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. வரவில்லை என்றால் குட்டு உடைந்துவிடும். கண்ணாடிக்காரர் மீசைக்குள் சிரித்தபடி காத்திருந்தார்.

அவள் நிதானமாக டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"தலையில கொண்டை இருந்துச்சா?"

கொண்டையைப் பற்றி முன்பு பேச்சே இல்லை. அவர் தடுமாறினார்.

"இ… இல்லையே."

"அப்ப அது பெட்டைங்க. ஆண் பறவை இனிமேதான் வரும். உட்காருங்க, இந்தச் சட்டைக்கு ரெண்டு கையையும் பிரிக்கணும்."