இலையைப் பார்த்தே வைரஸ் சொல்பவர்

எங்கள் கேமரன் மலையில் பீன்ஸ் செடியைத் தேடி மூன்று வகை உயிர்கள் வருகின்றன. அசுவினி, வெள்ளை ஈ, இலை பார்க்கிறவர். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

மூன்றாவது இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாம் வரை எனக்குத் தெரிந்து ஐந்து பேர் இருக்கிறார்கள். பிரிஞ்சாங் பக்கம் இன்னும் அதிகம் என்கிறார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன். இவர் விவசாய அதிகாரி அல்லர். மருந்துக் கடைக்காரரும் அல்லர். இவருக்குச் சொந்தத் தோட்டம் வேண்டும் என்பதுகூட இல்லை, வீட்டுக்குப் பின்னால் நாலு கொடி போதும். வேண்டியதெல்லாம் தன்னுடைய கண்ணும் அடுத்தவருடைய செடியும்தான்.

அவர் வருகிற விதத்தைப் பாருங்கள். வேலியோரம் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து, நீங்கள் நீட்டுகிற தேநீரை ‘அப்புறம்’ என்று ஒதுக்கிவிட்டு, நன்றாக நிற்கும் பத்துச் செடியைத் தாண்டிப் போய், சுருங்கிக் கிடக்கும் ஒன்றின் முன்னால் மட்டும் நின்று, ஓர் இலையைக் கிள்ளி, அடிப்பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். பெருமூச்சுதான் ஆய்வு. அந்த நேரத்தில், வீட்டில் யாருக்கோ எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் தூக்கிப் பிடித்திருப்பதுபோல, நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்து மூன்று கேள்விகள். எப்போது நட்டீர்கள்? என்ன விதை? மழை பெய்ததா? கேமரன் மலையில் நின்றுகொண்டு மழை பெய்ததா என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? பதில் அவருக்கும் தேவையில்லை. மூன்றாவது கேள்வி முடிந்த கையோடு தீர்ப்பு வந்துவிடும்.

“வைரஸு.”

ஏன் எப்போதும் வைரஸ்? யோசித்துப் பாருங்கள். பூச்சி என்றால், எங்கே காட்டுங்கள் என்பார்கள். பூஞ்சை என்றால் விரலில் ஒட்டவேண்டும். சத்துக்குறை என்றால் உரம் போட்டு இரண்டு வாரத்தில் பொய்யா மெய்யா என்று பார்த்துவிடலாம். வைரஸ் கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

தீர்ப்புச் சொன்னபின் கிள்ளிய இலையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். அடுத்த தோட்டத்தில் அதை எடுத்துக் காட்டி, ‘இதே கேஸுதான்’ என்பார். அதே கையால் அந்தத் தோட்டத்துச் செடியையும் கிள்ளுவார். நடுவில் கை கழுவி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து இலை பார்க்கிறவர் தங்கராஜு. தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலுக்குக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும்: தேயிலையில் அவர் கண் பொய் சொன்னதில்லை. கொப்புள நோய் எந்த மேட்டில் தொடங்கும் என்று துரைக்கு முன்னால் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கண்ணைக் கேட்டுத்தான் பம்புகள் நகர்ந்தன. ஓய்வு பெற்ற மறுநாள் கண் அப்படியே இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அப்போதுதான் அவர் பீன்ஸ் பக்கம் திரும்பினார்.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தேழு வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, கொழுந்து நிறுத்து எழுதிய பழக்கத்தில், தங்கராஜுவின் தீர்ப்புகளையும் நான் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டு வருடம் நான்கு மாதத்தில் மொத்தம் அறுபத்துமூன்று. அதில் வைரஸ் ஐம்பத்தேழு. மண் சரியில்லை, நான்கு. கண்ணேறு, இரண்டு. ஆய்வுக்குப் போனது ஒன்று.

அந்த ஒன்றைத்தான் சொல்லவந்தேன்.

என் வெங்காயப் பாத்திக்குப் பக்கத்து நிலத்தில் ருக்குமணி பீன்ஸ் போட்டிருந்தார். பகலில் தேயிலை, பொழுது சாயுமுன் பீன்ஸ் என்று ஓடுகிறவர். பதினொரு வரிசை, வரிசைக்கு ஐம்பத்தெட்டு, ஆக அறுநூற்று முப்பத்தெட்டுச் செடி. அதற்கு முந்தைய போகத்தில் போட்ட முட்டைக்கோஸ் மழையில் அழுகிப் போயிருந்தது. இந்தத் தடவையும் நிலம் வெறுமனே கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த அறுநூற்று முப்பத்தெட்டும் வெறும் செடி இல்லை, அவருக்கு நிலமே அதுதான்.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, ருக்குமணி இலை உரம் அடித்தார். அவருடைய முதுகுப் பம்பு உடைந்திருந்ததால் தங்கராஜு தன்னுடையதைக் கொடுத்து உதவினார். உதவி என்றால் ஓடிவரும் மனிதர். 17ஆம் தேதி கொழுந்து இலைகள் சுருண்டு, குறுகி, நாடாபோல் ஆகிவிட்டன. 18ஆம் தேதி தங்கராஜு வந்தார். கிள்ளினார், திருப்பினார், கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார்.

“வைரஸு. ஹபிஸ்லா, எல்லாம் போச்சு, தங்கச்சி. வெள்ளிக்கெழமக்குள்ள எல்லாத்தயும் புடுங்கிக் கொளுத்திரு.”

“எல்லாத்தயுமாண்ணே? முன்னால மூணு வரிசதான சுருண்டிருக்கு?”

“இன்னைக்கு மூணு. நாளைக்கு உன்னுது பூரா, நாளான்னைக்கு கிராணி வெங்காயம் வரைக்கும் போகும்.”

வெங்காயத்துக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பதில் அன்றைய தேதிக்கு நேரே ‘வைரஸ்’ என்று மையால் எழுதிவைத்தேன்.

போவதற்கு முன் தங்கராஜு, நல்ல செடி எப்படி இருக்கும் என்றும் காட்டினார். பதினோராவது வரிசை அவரே பொறுக்கிக் கொடுத்த விதை. இலை பெரிதாக, நரம்போரம் கரும்பச்சையும் நடுவில் இளம்பச்சையுமாக, லேசாகக் கீழே வளைந்திருந்தது. பார்க்க அழகுதான். இலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பெற்ற பிள்ளையைப்போல் தடவிக் கொடுத்தார். இதையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியிருக்கிறதே என்று இலையிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். நடிப்பு இல்லை. இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். அக்கறை எல்லாம் அசல்.

ருக்குமணி அன்றிரவு சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. பிடுங்குவதற்குப் பழைய கையுறையைத் தேடி எடுத்து வேலியில் மாட்டியிருந்தார். ஆனால் புதன்கிழமை மாலை, செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“கிராணி ஐயா, ஒண்ணு கேக்கறேன். வைரஸு இப்படியா வரும்? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, கிளினிக்குல நம்பர் எடுத்துட்டு ஒக்காந்த மாரி?”

எண்ணிப் பார்த்தேன். முதல் வரிசையில் ஐம்பத்தெட்டும் சுருண்டிருந்தன. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. மூன்றாவதில் நாற்பத்தொன்று, அதுவும் லேசாக. நான்காவதில் ஒன்றுமில்லை. ருக்குமணியின் அண்ணன் மகள் தனுஜா மலைக்குக் கீழே ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிர் நோய் பார்க்கிறவர் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது. வீட்டில் ஆள் இருந்தாலும் வேலிக்கு வெளியிலிருந்து வருகிறவரைத்தான் முதலில் கேட்போம், இல்லையா?

வியாழக்கிழமை தனுஜா லீவு போட்டு மேலே வந்தார். தங்கராஜுவும் வந்துவிட்டார், அவருக்கு யாரும் சொல்லவில்லை, இந்த இனத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. தனுஜா இலையைத் தூக்கிப் பிடிக்கவில்லை, கண்ணை மூடவில்லை. கையுறை போட்டு, ஒன்றாம் வரிசையில் ஓர் இலை, நாலில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று தனித்தனிப் பைகளில் எடுத்து எண் எழுதினார். ஒவ்வொரு இலைக்கும் கையுறை மாற்றினார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

“நல்லாருக்கற இலைய எதுக்கு எடுக்கற, பொண்ணு?” என்றார் தங்கராஜு.

“நல்லாருக்கான்னு பாக்கத்தான், அங்கிள்.”

பைக்குள் இருந்த மருந்துநீரோடு சேர்த்து இலையை நசுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதப் பட்டையை நனைத்து வைத்தார். கோவிட் காலத்தில் மூக்கில் விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிதான்: ஒரு கோடு வந்தால் அந்தப் பட்டை தேடுகிற வைரஸ் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே தங்கராஜு, ஒன்றாம் பையில் இரண்டாவது கோடு தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம்.

பத்தாவது நிமிடம். ஒன்றாம் வரிசை, ஒரு கோடு. நான்கு, ஒரு கோடு. பத்து, ஒரு கோடு. பதினொன்று, இரண்டு கோடு.

தனுஜா புதுப் பட்டை எடுத்து ஒன்றையும் பதினொன்றையும் மறுபடி வைத்தார். இன்னொரு பத்து நிமிடம். மாறவில்லை. தங்கராஜு பிள்ளைபோல் தடவிய வரிசையில் பீன்ஸ் தேமல் வைரஸ். அது விதையிலேயே வரும் என்றும், சில ரகச் செடி பார்வைக்கு நன்றாக நின்றுகொண்டே அதைச் சுமக்கும் என்றும், அசுவினி அங்கே உறிஞ்சிப் பக்கத்து வரிசைக்குக் கொண்டுபோகும் என்றும் தனுஜா சொன்னார். இந்தப் பட்டைக்கு எல்லா வைரஸும் தெரியாது, ஆகவே இலைகளை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோவேன், அதுவரை பதினொன்றைத் தவிர எதையும் பிடுங்காதீர்கள் என்றார்.

“அப்ப இந்த மூணு வரிச?” என்றார் ருக்குமணி.

“உரம் எங்கேர்ந்து அடிக்க ஆரம்பிச்சீங்க, அத்தை?”

“ஒண்ணாம் வரிசைலேர்ந்துதான். ஒரு பம்புத் தண்ணி மூணு வரிசைக்கு வரும்.”

“பம்புல அதுக்கு முன்னால என்ன இருந்துச்சு?”

ருக்குமணி தங்கராஜுவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தோட்டத்துக்குள் அவர் தலையை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“அதுக்கு மொத நாளு, திங்கக்கெழம, கோயில் பாதைக்குப் புல்லு மருந்து அடிச்சேன். கழுவிட்டுத்தான் குடுத்தேன்.”

“எத்தன தடவ கழுவுனீங்க, அங்கிள்?”

“ஒரு தடவ.”

இருபத்திரண்டு வருடம் மருந்துக் கும்பலை மேய்த்தவர். பம்பை மூன்று முறை கழுவாத ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். ஆனால் அதெல்லாம் தேயிலையில். தேயிலைக் காட்டில் புல் மருந்துப் பம்பு புல்லுக்குத்தான் போகும், கொழுந்துக்குப் போகாது. பீன்ஸ் கொடி சுருண்டுபோக அந்த மீதி வாசனையே போதும் என்பது அவர் கண்ணுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

ருக்குமணி திட்டவில்லை. வேலியில் மாட்டிய கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, “வாங்கண்ணே, ஒங்க வரிசய நீங்களே புடுங்குங்க” என்றார். இருவருமாக ஐம்பத்தெட்டுச் செடியையும் அன்றே பிடுங்கி எரித்தார்கள். பாதி வரிசையில் தங்கராஜுவின் முகம் தெளிந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, என்னைப் பார்த்து, இதையும் சொன்னார்:

“நான்தான் அப்பவே சொன்னேன்ல, இந்தத் தோட்டத்துல வைரஸு இருக்குன்னு.”

மறுக்க முடியுமா? சொன்னாரே.

ஒன்பது நாள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்தும் அதே முடிவு வந்தது. முதல் மூன்று வரிசைக் காயை விற்கவேண்டாம் என்று தனுஜா எழுதியிருந்தார். மிச்சம் ஏழு வரிசை, நானூற்று ஆறு செடி. ஏப்ரல் 2ஆம் தேதி முதல் பறிப்பு. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த போகத்துக்கு என்ன போடப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். நோட்டில் மார்ச் 18க்கு நேரே நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘பம்பு’ என்று எழுதினேன். அதற்கு மேலே இன்னும் ஐம்பத்தாறு ‘வைரஸ்’ இருக்கின்றன. அவற்றில் எத்தனை பம்பு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் செடிகளைப் பிடுங்கி எரித்தாயிற்று.

தங்கராஜு திருந்திவிட்டாரா? தனுஜாவிடம் கேட்டு ஒரு பெட்டி பட்டை வாங்கிவைத்திருக்கிறார். இப்போது இலையைக் கிள்ளி, நசுக்கி, பட்டையை வைத்து, கைக்கடிகாரத்தையும் பார்க்கிறார். பத்து நிமிடம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நான்காவது நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்.

இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு இதற்குள் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மைத்துனராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஆலோசனைக்கு அழைக்காமலே வருகிற சகலையாக இருக்கலாம். அட, அச்சு அசல் அவர்தான் என்று இரண்டாவது பத்தியிலேயே முடிவு கட்டியிருப்பீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன்: எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள்? எந்தப் பட்டையை நனைத்துப் பார்த்தீர்கள்?

சரி, புறப்படுங்கள். போகும்போது கையைக் கழுவிக்கொண்டு போங்கள். யாருக்காவது பம்பு இரவல் கொடுத்திருந்தால், அந்த வழியாகவும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.