பிள்ளையார் பெயரில் ஒரு கிண்ணம்

"ஆயா, எண்ணெய்க்கு நம்ம வூடு எதுன்னு எப்படித் தெரியும்?"

இப்படிக் கேட்ட பேத்தியின் முதுகில் அஞ்சம்மாள் ஒன்று வைத்தாள். 1958-ல் கோலியனூரில் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஊரே சுப்பராயலு சாமியார் முன்னால் நின்றது. விழுப்புரத்து பஸ்ஸில் கூரைமேலும் ஆட்கள். சாமியார் கையில் ஒரு கட்டு இலையும் காயும். கொல்லிமலை உச்சியில் மட்டும் வளரும் பேய்விரட்டி மரமாம். புலி காவலாம். (புலிக்கு வேறு வேலை இல்லை.) வீட்டுத் தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டுவந்தால், இலையைக் கிள்ளிப் போட்டு வெயிலில் வைப்பார். பொழுது சாய்வதற்குள் எண்ணெய் சிவந்தால் வீட்டில் பேய். சிவக்காத கிண்ணமே இல்லை. ஓட்டுவதற்குத் தட்சணை தனி.

அஞ்சம்மாளின் கிண்ணமும் சிவந்தது.

"வெளியூர்ப் பொண்ணு மேல குந்திக்கினு இருக்குது. அவளை அம்மா வூட்டுக்கு அனுப்பிடு" என்றார் சாமியார்.

மருமகள் பூமாலை கூட்டத்திலிருந்து விலகினாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளையார் கோயில் பூசாரி பச்சைமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. சாமியாரின் இலைக்கட்டிலிருந்து ஒரு கிளையை உருவினார். நீளமாக இரட்டைக் காய். நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இலையைக் கிள்ளினால் பால்.

"இன்னா சாமி, இது வெப்பாலை இல்லீங்களா? நம்ம ஏரிக்கரையில ஆடு மேயுற எடத்துல நிக்குது. என் சொறிக்கு இதைத்தான் எண்ணெயில ஊறப்போட்டுத் தடவிக்கினு இருக்கேன்."

"யோவ், அது வேற, இது வேற!"

"சரிங்க. ஏரிக்கரை இலையில நானும் நாளைக்கு ஒரு கிண்ணம் வைக்கிறேன். பிள்ளையார் பேருல."

பிள்ளையாருக்கு வேண்டாம் என்று எந்தச் சாமியார் சொல்ல முடியும்?

மறுநாள் மாலை, வரிசையிலேயே அதிகம் சிவந்திருந்தது பிள்ளையார் கிண்ணம்தான்.

பச்சைமுத்து பணிவாகக் கேட்டார்: "அப்போ பிள்ளையாரையும் அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடலாங்களா?"

முதலில் சிரித்தது கூட்டத்தில் நின்ற கோவிந்தம்மாள். பிறகு ஊரே சிரித்தது. சிரித்து முடித்துத் திரும்பினால் சாமியார் இருந்த இடத்தில் இலைக்கட்டுதான் இருந்தது. அதை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது.

கடவுள் தலையைக் கொடுத்தது எண்ணெய் தேய்க்க மட்டுமல்ல, ஐயா. உள்ளேயும் ஒன்று வைத்திருக்கிறார். அதையும் எப்போதாவது வெயிலில் காட்டுங்கள்.

பூமாலை தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, அவள் அம்மா வீட்டுக்குப் போகக் கட்டிவைத்திருந்த துணி மூட்டையை அஞ்சம்மாள் அவிழ்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக உதறி, மறுபடியும் கொடியில் போட்டாள்.