மஞ்சள் நிறம் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

திருக்கனூர்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி, பாகூர் முத்துசாமி அவர்கள் சமூகத்துக்கு, திருக்கனூர் உரக்கடை தணிகைவேல் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சுலோசனாவும் மகள் யாமினியும் நலம். நலம் என்பதை எல்லாரும் கடிதத்தில் ஒரு வழக்கத்துக்காக எழுதுவார்கள். நான் ரத்தம் கொடுத்து, பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு எழுதுகிறேன். அங்கே தாங்களும், வீட்டில் அம்மாவும், மாப்பிள்ளை பாலாஜியும் அதேபோல் நலமாக இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாம்பூலம் இன்னும் மாற்றவில்லைதான். ஆனாலும் எழுதியாகிவிட்டது, இனி அடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் தாங்கள் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி தங்களுக்கு இல்லை. தவிர, நான் சொல்லப்போகும் விஷயத்தின் நடுவே சிறுநீர் வருகிறது. அதை வாயால் சொல்வதைவிட எழுத்தில் சொல்வது இரு குடும்பத்துக்கும் கௌரவம் என்று பட்டது.

இந்த வரனை நமக்குள் கொண்டுவந்த தரகர் பச்சையப்பன் சென்ற வாரம் கடைக்கு வந்தார். வந்தவர் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மழை வருமா என்று கேட்டு, மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

"ஆவணில தாம்பூலம் வேணான்றாங்கபா" என்றார்.

"ஏன், நாள் சரியில்லையா?"

"நாளு நல்லாத்தான் கீது."

"பின்ன இன்னாதான் சொல்றாங்க?"

"உனக்கு லிவரு பூடுச்சாமே. தெனம் குடிக்கிறியாமே. பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா நாளைக்கு மாமனாரத் தூக்கினு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா நம்ம புள்ளதான அலையணும்னு யோசிக்கிறாங்க."

சம்பந்தி அவர்களே, நான் பிறந்தது வளர்ந்தது தொழில் செய்வது எல்லாம் இந்தப் புதுச்சேரி மாநிலத்தில்தான். என் கடையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஒயின் ஷாப் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை வருஷம் ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல் வாழ்ந்தவன் நான். விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு வழி காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நம் பக்கத்தில் கல்லீரல் என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும், ஒரு பாட்டில் தானாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் என் விஷயத்தில் நடந்தது வேறு. நடந்தது வைட்டமின்.

என் மச்சான் சுரேஷைத் தங்களுக்குத் தெரியாது. சுலோசனாவின் தம்பி, அரியாங்குப்பத்தில் இருக்கிறான், ஜிம்முக்குப் போகிறான், அதனால் கைகள் இரண்டும் உடம்பில் ஒட்டாமல் கதவில் இடித்துக்கொண்டு வருவான். இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், நான் சாப்பிட்டு முடித்துக் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, பட்டப்பகல்ல கொட்டாவி வுடறீங்க? இது வைட்டமின் கொறபாடு மாமா."

"மூணாவது வாட்டி சோறு போட்டுக்கினா கொட்டாவி வராம இன்னாடா வரும்?" என்று சுலோசனா உள்ளேயிருந்து கேட்டாள். அவள் பேச்சை நான் அன்றே கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் சுரேஷ் என் தொழிலைத் தொட்டுப் பேசிவிட்டான். "நெல்லு சோர்ந்துபோச்சுனா ஜிங்க் போடு, நுண்ணூட்டம் போடுன்னு ஊருக்கே சொல்றீங்களே மாமா, உங்களுக்கு யாரு போடறது?" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுவாரம் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பை நிறைய டப்பா கொண்டுவந்தான். ஒன்று எல்லாச் சத்தும் சேர்ந்தது, ஒன்று பி காம்ப்ளெக்ஸ், ஒன்று நரம்புக்கு, ஒன்று ஜிங்க். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வெள்ளைக்காரர் சூரியனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். நானும் தொடங்கினேன். ஒரு மாத்திரை நல்லது செய்யும் என்றால் இரண்டு இன்னும் நல்லது செய்யுமே என்று எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாகப் போட்டேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை போதும் என்று சொன்ன இடத்தில் இரண்டு மூட்டை போடுகிற விவசாயிகளைக் கடையில் உட்கார்ந்து நான் திட்டாத திட்டு இல்லை. அதெல்லாம் பயிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன், மன்னிக்கவும். ஓரிரு நாளில், காலையில், சிறுநீர் மஞ்சளாகப் போனது. சாதாரண மஞ்சள் இல்லை. தேர்தல் நேரத்தில் சுவரொட்டி அடிப்பார்களே அந்த மஞ்சள். கரண்டு இல்லாத நேரத்தில் வெளிச்சத்துக்கு வைக்கலாம் போல் இருந்தது. வண்டிக் கண்ணாடியில் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். பயத்தோடு பார்க்கிறவனுக்குக் கண் எப்போதும் மஞ்சளாகத்தான் தெரியும். மஞ்சள்காமாலை என்று நானே முடிவு செய்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் செல்லிப்பட்டில் காமாலைக்கு மருந்து கொடுக்கிறவரிடம் போனேன்.

"குடிப்பியா?" என்றார் அவர்.

"இல்லீங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்று சொல்லி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஒரு தம்ளர் நீட்டினார். அதை நான் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது யார் வந்து நின்றது என்று நினைக்கிறீர்கள்? தங்கள் சகலை, வில்லியனூர் பாக்யராஜ் அவர்கள், யாரோ ஒரு உறவுக்காரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னா, நீங்க இங்க?" என்றார்.

"ஒரு ஃபிரண்டுக்காக வந்தேன்" என்றேன். தம்ளர் என் கையில் இருந்தது. மீசையில் மோர் இருந்தது. அவர் நல்ல மனிதர், தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் பாகூர் வரைக்கும் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மருந்தோடு பத்தியமும் சொல்லியிருந்தார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, மீன் கூடாது, வெறும் மோர்ச் சோறு. வீட்டில் வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன். அதைச் சாப்பிட்டதும் உடம்பு தளர்ந்தது. தளர்ச்சி வந்ததால் வைட்டமினைக் கூட்டினேன். கூட்டியதும் மஞ்சள் இன்னும் அதிகமானது. காமாலை முற்றுகிறது என்று பத்தியத்தை இறுக்கினேன். அதனால் இன்னும் தளர்ந்தேன். இப்படியே நான் ஒரு செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. தங்கள் வீட்டு அம்மா யாமினிக்குப் பூ வைத்துப் பார்க்க வந்த அன்று நான் பஜ்ஜியைத் தொடாமல் மோர் கேட்டதை அவர்கள் கவனித்திருப்பார்கள். அது திமிர் இல்லை, பத்தியம்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு. ஜிங்க் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதாம், பொடி எழுத்தில். நான் வெள்ளைக்காரரைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் அப்படி வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது கண் இருட்டியது, கைக்கு அகப்பட்ட ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நான் பிடித்திருந்தது ஒயின் ஷாப் போர்டு மாட்டிய கம்பம். எதிரே விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது மறுபடியும் தங்கள் சகலை. சம்பந்தி அவர்களே, இந்த மாவட்டத்தில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள்! இரண்டு தடவையும் அவர்தானா வரவேண்டும்? அவர் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். "வூட்டுக்கு ஆட்டோ வெச்சி வுடட்டுமா? சின்னப் பொண்ணு இருக்கிற வூடு, பாத்து நடந்துக்கோங்க" என்று தன்மையாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் தங்களிடம் சொல்லியிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

பச்சையப்பன் வந்துபோன அன்று சாயங்காலம் யாமினி என் எதிரே வந்து நின்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. "அப்பா, நீ குடிக்கிறியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஊர் கேட்டது, தரகர் கேட்டார், செல்லிப்பட்டுக்காரர் கேட்டார், அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. பெத்த பொண்ணு கேட்டதுதான் உறைத்தது. அலமாரியில் ஒளித்து வைத்திருந்த டப்பா எல்லாவற்றையும் எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மஞ்சள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சுலோசனா தலையில் அடித்துக்கொண்டாள். "இத முன்னாடியே சொல்லியிருந்தா என்னா? குடிக்கறவங்க கூட வூட்ல சொல்லிட்டுக் குடிக்கறாங்க" என்றாள். மறுநாள் காலை யாமினி என்னைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் கீர்த்திகா என்று ஒரு சின்னப் பெண். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"லிவர் நல்லா இருக்கு. காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப மஞ்சள்?"

"மூணு டப்பாவுலயும் அதே பி வைட்டமின்தான் இருக்கு. நீங்க ரெண்டு ரெண்டா வேற போட்டிருக்கீங்க. உடம்பு தனக்கு வேணுங்கறத எடுத்துக்கிட்டு மீதிய வெளிய தள்ளிடுச்சு. அந்த வைட்டமினோட நிறமே மஞ்சள்தான்."

"அப்ப இத்தன நாளா நான் சாப்ட்டதெல்லாம்?"

"உங்க வீட்டுச் சாக்கடை நல்ல சத்தா இருக்கும்" என்றார். பிறகு என் தொழிலைக் கேட்டுவிட்டு, "மண்ணப் பரிசோதிக்காம உரம் போடலாமா சார்?" என்றார். "போடக்கூடாது டாக்டர், ஆனா விக்கறப்ப நாங்க கேக்கறது இல்ல" என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பத்தியம் முடிந்தது என்ற சந்தோஷத்தில் எழுந்தபோது அவர் என்னை விட்டுவிட்டு, பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற யாமினியைப் பார்த்தார்.

"நீ வாம்மா. கண்ணக் காட்டு." கீழிமையை இழுத்துப் பார்த்தார். "படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"ஆமா டாக்டர்."

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா."

"வீட்ல சொல்லலையா?"

"அப்பாக்கு ஒடம்பு சரியில்லன்னு எல்லாரும் அதுலயே இருந்தாங்க" என்றாள்.

இதை எழுதாதீர்கள், பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று சம்பந்தி வீட்டுக்கு யாராவது எழுதுவார்களா என்று சுலோசனா சண்டை போடுகிறாள். நான் எழுதத்தான் போகிறேன். ஒரே வீட்டில் சத்து தேவைப்படாதவன் டப்பா டப்பாவாக விழுங்கிக்கொண்டு இருக்க, தேவைப்பட்டவள் அவனுக்கு மோர் கடைந்து கொடுத்துக்கொண்டு இருந்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் கவனிக்கவில்லை, நான்தான் என் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேனே. டாக்டர் அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், டீயோடு போடாதே என்றார், கீரையும் முட்டையும் சாப்பிடச் சொன்னார், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். அந்த மாத்திரையால் வேறொன்றின் நிறம் கறுப்பாக மாறும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நிறங்களைப் பற்றி இனி நான் வாய் திறப்பதாக இல்லை. இப்போதே பிள்ளைக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. சுரேஷுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். "மாமா, உங்களுக்கு பிராண்டு ஒத்துக்கல" என்றான்.

நடந்தது முழுவதையும் யாமினியே போனில் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம், அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம், "எங்கப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாராம். இதெல்லாம் எனக்குத் தெரியாத மாதிரிதான் நான் வீட்டில் நடந்துகொள்கிறேன். தாங்களும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். என் பரிசோதனை முடிவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கல்லீரல் பற்றிய இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். பாக்யராஜ் அவர்களுக்கும் ஒரு நகல் கொடுக்கவும். ஆவணியில் நாள் குறித்து எழுதினால் நாங்கள் தட்டோடு வந்து நிற்போம், இந்தத் தடவை பஜ்ஜியும் சாப்பிடுவோம்.

வீட்டில் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு நாங்கள் இருவரும் மனதார ஆசி சொல்கிறோம். தங்கள் வயலில் நடவு நல்லபடி பச்சை பிடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தணிகைவேல்

பின்குறிப்பு: டாக்டர் மாத்திரையைத்தான் நிறுத்தச் சொன்னார், தண்ணியாக இருக்கிற மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இழந்த தெம்பு திரும்ப வருவதற்காகப் பக்கத்தில் இருக்கிற நாட்டு மருந்துக் கடையில் திராட்சை அரிஷ்டம் என்று ஒன்று வாங்கி, தினமும் சாயங்காலம் ஒரு தம்ளர் சாப்பிட்டு வருகிறேன். அபாரமான மருந்து. உடம்பு சூடாகிறது, மனசில் கவலை நிற்பதில்லை, பழைய பாட்டெல்லாம் தானாக வருகிறது, இந்தக் கடிதத்தைக்கூட அந்தத் தெம்பில்தான் ஒரே மூச்சில் எழுதினேன். இப்போது கவரை ஒட்ட வந்த சுலோசனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைப் படித்துவிட்டு, "இதுல தானா உண்டாகிற ஆல்கஹால்னு போட்டிருக்குதுங்க. ஒரு மூடி அளவுதான், அதுவும் தண்ணி கலந்துன்னும் போட்டிருக்குது" என்கிறாள். ஆகவே மேலே "ஒரு சொட்டுகூட" என்று வருகிற அந்த ஒரு வரியை மட்டும் தாங்கள் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். தங்களுக்கும் மூட்டு வலி என்று கேள்விப்பட்டு, பச்சையப்பன் கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூடி கொஞ்சம் திறந்திருந்தால், அவருக்கும் மூட்டு வலி என்று வைத்துக்கொள்ளவும்.