வேலிக்கம்பத்துக் கொண்டலாத்தி

கண்ணாடிக் கடைக்காரர் தமது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டு பார்த்தார். வேலிக்கம்பத்தின் உச்சியில் இருந்தது அப்போதும் கையுறையாகவே இருந்தது.

தோட்ட வேலைக்கு அணியும் பழுப்புக் கையுறை. யாரோ அதைக் கம்பத்தின் தலையில் கவிழ்த்திருந்தார்கள். நான்கு விரல்கள் வானத்தை நோக்கி விறைத்து நின்றன. அவற்றின் நுனிகள் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன. கட்டைவிரல் மட்டும் ஒருபக்கமாக, அலகு போல நீண்டிருந்தது. காற்று வீசும்போதெல்லாம் விரல்கள் கொண்டையைப் போல விரிந்து குவிந்தன.

அன்று காலையில் இதே பாதையிலிருந்து, இதே கம்பத்தின்மீது விசிறிக் கொண்டையும் நீண்ட அலகும் உடைய ஒரு கொண்டலாத்திப் பறவையைக் கண்டதாக அவர் ஊருக்கே அறிவித்திருந்தார். வசந்தத்தில் வடக்கே போகும் வழியில் எப்போதாவது அது இங்கே இறங்கினால் உண்டு. பறவை நோக்குவோர் சங்கத்தில் பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். நின்ற நிலையிலேயே சங்கத்தின் கைப்பேசிக் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கடை திறக்க ஓடியவர், ஆசை தீர இன்னொரு முறை பார்க்க மாலையில் வந்தார். வந்தவருக்குக் கிடைத்த காட்சி இது.

செய்தியைத் திரும்பப் பெறுவதே முறை. ஆனால் அவர் ஊராரின் கண்ணைச் சோதித்துச் சொல்பவர். சங்கத்தில் அவருக்குப் பெயரே 'கழுகுக்கண்'. கையுறைக்கும் பறவைக்கும் வேறுபாடு அறியாதவர் அளந்து கொடுத்த கண்ணாடியை இனி எவர் மூக்கில் ஏற்றிக்கொள்வார்?

இருந்தாலும் அவர் நேர்மையானவர். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதத் தொடங்கினார். முதற்சொல்லை முடிப்பதற்குள் ஓய்வுபெற்ற நீதிபதியின் செய்தி வந்து விழுந்தது: 'காலை நடையின்போது நானும் அதைக் கண்டேன். உறுதி செய்கிறேன். நீங்கள் கொடுத்த கண்ணாடி வாழ்க!'

சங்கத்தின் விதி கண்டிப்பானது. ஒருவர் கண்டதை இன்னொருவர் உறுதி செய்துவிட்டால், அது பதிவாகிவிடும். அதன்பின் நீக்க வேண்டுமானால் இருவரும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, தாம் கண்டதைத் தாமே மறுக்க வேண்டும்.

கடைக்காரர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? பறவை பறந்துடுச்சா?" என்றார் மனைவி.

"பறக்கல. அது பறக்கவும் பறக்காது."

"ஏன், அடிபட்டிருக்கா?"

"அது கையுறை."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "கையில மாட்டுற கையுறையா?"

"வேற எதுல மாட்டுவாங்க?"

"நீங்க பறவைன்னு சொன்னீங்களே, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்."

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி சற்று இரங்கி, "நடந்ததை அப்படியே சொல்லிடுங்க. ரெண்டு நாள் சிரிப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க" என்றார்.

"நான் சொன்னா நீதிபதி பொய்சாட்சி சொன்னவரா ஆயிடுவார். அவர் போட்டிருக்கிறதும் நம்ம கடைக் கண்ணாடி. என் கண்ணும் போச்சு, என் கண்ணாடியும் போச்சுன்னு ஆயிடும்."

"அப்போ என்ன செய்யப் போறீங்க?"

"சும்மா இருக்கப் போறேன்."

சும்மா இருப்பதைப் போல ஆபத்தான தொழில் வேறில்லை என்பதை அவர் மறுநாளே அறிந்தார். வேலிக்குள் இருந்த தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டக்காரர் எவரையும் உள்ளே விடமாட்டார்; ஆகவே உறுப்பினர்கள் பாதையின் வளைவிலிருந்தே பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் பறவை தெரிந்தது. சங்கச் செயலாளரான அம்மையார், அது தலையைத் திருப்பித் தம்மை நோக்கியதாக எழுதினார். பல் மருத்துவர் ஒருபடி மேலே போய், அது கொண்டையை உயர்த்தித் தமக்கு வணக்கம் தெரிவித்ததாக எழுதினார்.

அன்று பிற்பகல் தையற்காரர் கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தார்.

"அண்ணே, கண்ணைக் கொஞ்சம் பாருங்க. எல்லாருக்கும் பறவை தெரியுது. எனக்கு மட்டும் கம்பத்து மேல ஏதோ கையுறை மாதிரி தெரியுது."

கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். எழுத்துப் பலகையைக் காட்டினார். தையற்காரர் கடைசி வரியின் பொடி எழுத்துவரை மூச்சுவிடாமல் படித்து முடித்தார்.

"உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லைங்க."

"அப்புறம் ஏன் பறவை தெரியல? நல்லாப் பாருங்கண்ணே. நான் ஊசியில நூல் கோக்கிறவன். கண்ணு போச்சுன்னா பிழைப்பே போச்சு."

"ஒண்ணும் ஆகல, தைரியமா இருங்க."

"மறைக்காதீங்கண்ணே. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்."

அவர் கண்ணில் நீர் துளிர்ப்பதைக் காணப் பொறாமல், கடைக்காரர் எவ்விதச் சக்தியும் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். தையற்காரர் அதை மாட்டிக்கொண்டு நேரே பாதை வளைவுக்குப் போனார். சிறிது நேரத்தில் குழுவில் அவருடைய செய்தி வந்தது: 'இப்போது மிகத் தெளிவாகத் தெரிகிறது!'

அதன்பின் பறவை தெரியாதவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வரத் தொடங்கினார்கள். அனைவரும் குறையற்ற கண் உடையவர்கள். கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத குறைக்கு மருந்து கேட்டு வரிசையில் நிற்பவர்களிடம் எத்தனை நாள்தான் நாடகம் ஆட முடியும்? பறவை போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு வழி கண்டார். வழிப்போக்குப் பறவை ஒருநாள் போகத்தானே வேண்டும்?

மறுநாள் விடியலில், தோட்டக்காரர் எழுமுன், வேலியைத் தாண்டினார். முந்தைய நாள் பெய்த மழையில் ஊறியிருந்த விதைப்பாத்தியில் கால் புதைந்தது. கையுறையை உருவிக்கொண்டு, ஒரு காலணியைச் சேற்றிலிருந்து பாடுபட்டு மீட்டுக்கொண்டு வீடு சேர்ந்தார்.

"முடிஞ்சுது" என்றார் மனைவியிடம்.

"எது? உங்க காலணியா?" என்றார் மனைவி.

முடியவில்லை. பறவை இல்லாத கம்பத்தைக் கண்ட செயலாளர் அம்மையார், பாத்தியில் பதிந்திருந்த காலடிகளையும் கண்டார். தோட்டக்காரர் பறவையைத் துரத்தி ஓடிய தடம் அது என்று அந்த நொடியிலேயே தீர்மானித்தார். அந்தத் தோட்டம் ஊர்ப் பொது நிலம். வந்திறங்கும் பறவைகளைத் துன்புறுத்தினால் குத்தகை ரத்தாகும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ள நிபந்தனை. குத்தகையை ரத்து செய்யக் கோரும் தீர்மானத்தோடு அவர் பொதுக்கூட்டத்தைக் கூட்டினார்.

நூலகத்தின் மாடி அறை நிரம்பி வழிந்தது. தோட்டக்காரர் தாமே ஒரு புகாரோடு வந்திருந்தார்.

"என் பாத்தியை மிதிச்சுத் துவம்சம் பண்ணினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

"அதை நாங்க உங்களைக் கேக்கணும். அது உங்க காலடிதானே?" என்றார் செயலாளர்.

"என் விதையை நானே மிதிப்பேனாம்மா? எனக்கென்ன பைத்தியமா?"

"கோபத்துல மனுஷன் எதையும் மிதிப்பான். தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. தோட்டக்காரர் சுற்றிலும் பார்த்தார். "அந்தத் தோட்டம் போச்சுன்னா நான் குடும்பத்தோட எங்கம்மா போவேன்?" என்று அவர் கேட்ட குரலில் கோபம் இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். 

"கையை இறக்குங்க. அவர் எந்தப் பறவையையும் துரத்தல. பாத்தியை மிதிச்சது நான். நான் பார்த்தது கொண்டலாத்தியே இல்லை. இதுதான்."

பையிலிருந்து கையுறையை எடுத்து மேசைமீது வைத்தார்.

 தையற்காரர் தமது புதுக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் பல் மருத்துவர்.

"வணக்கம் சொல்லுச்சுன்னு எழுதினீங்களே டாக்டர்!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கையுறையும் வணக்கம் சொல்லலாம்ல?"

எவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து நீதிபதி எழுந்தார். "எத்தனையோ பேரோட சாட்சியத்தை நம்பாம தள்ளினவன் நான். என் கண்ணைப் போய் நம்பிட்டேன். நானும் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் மறுத்தாயிற்று; விதிப்படி கொண்டலாத்தி பதிவிலிருந்து நீக்கப்பட்டது. 'கழுகுக்கண்' தமது உறுப்பினர் அட்டையைச் செயலாளரின் முன் வைத்தார். நாளை கடைக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்த கேள்வி.

செயலாளர் அம்மையார் தோட்டக்காரரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "உங்க மேல அநியாயமாப் பழி போட்டுட்டோம், மன்னிச்சுடுங்க. ஆனா ஒண்ணு. இனிமே கையுறையைக் கம்பத்துல காயப்போடாதீங்க."

தோட்டக்காரர் மேசையிலிருந்த கையுறையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"யாரும்மா காயப்போட்டது? அன்னைக்குக் காலையில அந்தக் கம்பத்துல வந்து உக்காந்து என் பாத்தியைக் கிளறின கொண்டைக்காரனை விரட்டத்தானே மத்தியானம் இதை மாட்டினேன்!"